நம் பக்கத்துப் பொய்

வெந்த பீட்ரூட்டைத் துருவிக்கொண்டிருக்கிறார் ஸிக்மாஸ். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியை மூக்கு நுனியால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். கோடையில் எங்கள் முதியோர் இல்லத்தில் குளிர்ந்த பீட்ரூட் சூப்தான். புளித்த பாலும் வெள்ளரியும் சேர்த்து அதைக் கலக்கி முடிப்பதற்குள் நாலு பொய்களைப் பிடித்துவிடுவார்.

இணையத்தில் ரஷ்யாவுக்காகப் பொய் பரப்புகிறவர்களை லித்துவேனியாவில் பூதங்கள் என்போம். அவர்களோடு மல்லுக்கு நிற்கும் தன்னார்வலர்கள் வனதேவதைகள். எங்கள் சமையற்காரர் ஒரு வனதேவதை. நூறு கிலோ எடை, நரைத்த மீசை.

"இறக்கைய எங்க தம்பி ஒளிச்சு வச்சிருக்க?" என்று இங்கே தங்கியிருக்கும் எமிலியா கேட்காத நாளில்லை.

"நேத்து சூப்புல போட்டுட்டேன்மா. ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே!"

ஒரு படம் வந்தால் முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்ப்பார். பிறகு கடைப்பலகை, வண்டி எண், மரத்தில் இலை உண்டா என்பது. பூதங்களைத் திட்டமாட்டார். "திட்டுனா நமக்குத்தான் மூச்சு வாங்குது" என்பார். சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அன்றைய பொய்களை எங்களுக்கு உரித்துக் காட்டுவார். மருத்துவரைவிட அவரை நம்புகிறவர்கள் இங்கே அதிகம்.

போன மாதம் வந்த படத்தை மட்டும் அவர் சோதிக்கவில்லை. உக்ரேனில் ரஷ்யக் குண்டு விழுந்து எரிந்த குழந்தைகள் வார்டு என்றது குறிப்பு. அனுப்பியவர் அவருடைய வனதேவதைக் குழுக்காரர். நம் ஆள் அனுப்பியதை யார் சோதிப்பார்கள்? கூடத்தில் எல்லோருக்கும் காட்டினார். எமிலியா பார்த்துவிட்டு, வருடக்கணக்காகத் தன் பக்கத்து நாற்காலியில் சாப்பிடும் ஜினைதாவிடம் திரும்பினாள். ஜினைதாவின் தாய்மொழி ரஷ்யன்.

"உன் ஆளுங்க செஞ்ச காரியத்தப் பாரு."

ஜினைதா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அவளுக்குச் சாப்பாடு தன் அறையில்தான். தட்டு பாதிகூடக் காலியாகாமல் திரும்பியது. நான் இங்கே செவிலியாக இருந்து, வயதான பின் இங்கேயே தங்கிவிட்டவள்; அந்த வயதில் சாப்பாடு குறைந்தால் அடுத்தது என்ன என்று தெரியும். போய் உட்கார்ந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "என் தங்கச்சி பேத்தி உக்ரேன்லதான் நர்ஸு. அது எந்த ஊரு ஆஸ்பத்திரின்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

ஸிக்மாஸிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே கைப்பேசியில் ஊரைத் தேடியவர் கத்தியைக் கீழே வைத்தார். படம் வேறொரு நாட்டில், பல வருடம் முன்பு, மின்கசிவில் எரிந்த கட்டடம்.

குழுத் தலைவர் ராமுனஸை அங்கேயே அழைத்தார்.

"தெரியும்யா. அந்தப் படத்தப் பாத்து எத்தன பேரு ரத்தம் குடுத்தாங்க தெரியுமா? அவனுங்க நூறு பொய் விடுறானுங்க. நீ ஒண்ண ஒத்துக்கிட்டா அதையே பிடிச்சுக்கிட்டு ஆடுவானுங்க."

"ஆடட்டும். நாளைக்கு நெசமாவே ஒரு வார்டு எரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் படம் போடுவேன்?"

"குழுவ விட்டுத் தூக்கிடுவேன்."

"கனமா இருப்பேன், பாத்துத் தூக்கு."

வனதேவதைகள் எல்லோருக்கும் புனைபெயர்தான். அன்று மாலை ஸிக்மாஸ் தன் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு, படம் பொய் என்று எழுதினார். ராமுனஸ் சொன்னபடியே நடந்தது. பூதங்கள் அதை எடுத்துப் போட்டுக் கூத்தாடின. குழு அவரை நீக்கியது.

மறுநாள் காலை கஞ்சி பரிமாறுமுன் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "நான் காட்டுன படம் பொய். தெரியாமத்தான் காட்டினேன். ஆனா காட்டினது நான்." எமிலியா தலைகுனிந்தாள்.

பிறகு ஜினைதாவின் கதவைத் தட்டி, தனக்குத் தெரிந்த உடைந்த ரஷ்ய மொழியில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். "கஞ்சி ஆறிடும். கூடத்துக்குப் போலாம்" என்றாள் அவள். பிறகு காலால் தரையைத் துழாவி எதையோ தேடினாள். ஸிக்மாஸ் மூச்சு வாங்க மண்டியிட்டு, கட்டிலுக்கடியில் கையை விட்டு அவளுடைய செருப்பை எடுத்து, வீங்கிய காலில் மெல்ல மாட்டிவிட்டார்.