முள்ளம்பன்றிப் படமும் எங்கள் பின்சுவரும்

முள்ளம்பன்றிக் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு மகளைக் கண்டிக்கு அழைத்துப் போன சனிக்கிழமை, விடிந்ததிலிருந்தே மழை. புறப்படும் முன் வழக்கம்போல் வீட்டின் பின்சுவரைப் பார்த்தேன்.

கடுகண்ணாவையில் எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் பின்சுவரில் வெடிப்பு விழுந்தது. சரிவில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதைப் போல நானும் பத்திரிகைத் தாளைப் பட்டியாக வெட்டி, வெடிப்பின் குறுக்கே கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தேன். நிலம் அசைந்தால் தாள் கிழியும். கிழிந்த அன்றே கெலிஓயாவில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று பேசி வைத்திருந்தோம். அன்று தாள் முழுதாக இருந்தது. அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

முதல் படத்தை மகளோடு பல தடவை பார்த்திருக்கிறேன். அதில் குட்டி முள்ளம்பன்றி தரையில் காதை வைத்து மலையின் முனகலைக் கேட்கும். யாரும் நம்பமாட்டார்கள். அப்பா முள்ளம்பன்றி மட்டும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் படுத்துத் தன் காதையும் வைக்கும். அந்த நிசப்தத்துக்காகவே எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

இரண்டாம் பாகத்தில் நிசப்தமே இல்லை. புதிதாக ஒரு மாமா, குறும்பு செய்ய இரண்டு அணில்கள், மூச்சுவிடும் முன் அடுத்த பாட்டு. நிறங்கள் கண்ணைக் குத்தின.

"அந்த மாமா வாய மூடினா படம் நல்லாருக்கும்பா" என்றாள் மகள், வாய் நிறையச் சோளப்பொரியுடன்.

"உங்க மாமாவும் அப்படித்தான்" என்றேன். சிரித்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வளையின் சுவரில் நீர் கசிகிறது. இடம்பெயர மனமில்லாத குட்டி, யாருக்கும் தெரியாமல் களிமண்ணால் அடைத்து இலையால் மறைக்கிறது. அப்பா வந்து சுவரைத் தடவிப் பார்க்கிறது, நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறது. தியேட்டரில் பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வீட்டுக்குப் போவோம்பா."

"பயமா இருக்கா? கடைசில எல்லாரும் தப்பிச்சிருவாங்கம்மா."

"அது இல்லப்பா. நம்ம தாள் கிழிஞ்சிருச்சு. நான்தான் மேலால வேற ஒட்டினேன்."

"எப்ப?"

"போன கிழமை. முந்தாநாளும்."

"ஏம்மா?"

"பெரியம்மா வீட்டுக்குப் பூனையக் கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னாங்கதானே. குட்டிங்க இன்னும் கண்ணே தொறக்கலப்பா."

வெளியே வந்து மனைவிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. அவளுடைய தையல் மெஷின் அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. மறுபடி அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை மனைவி எடுத்தாள்.

"என்ன, அதுக்குள்ள படம் முடிஞ்சிருச்சா?"

"உடனே வீட்ட விட்டு வெளிய போ. ரோட்டுக்கு இறங்கு."

"நல்லா பயந்தீங்க போங்க. உங்க தாள் முழுசா இருக்கு, இப்பதான் பார்த்தேன்."

"அது நான் ஒட்டின தாள் இல்ல. உன் மகள் ஒட்டினது."

தொலைபேசியில் எங்கள் கூரையின் மழை மட்டும் கேட்டது. பிறகு கதவு திறக்கும் சத்தம்.

த்ரீவீலர் பேராதனையைத் தாண்டும்வரை நான் மகளின் தலையில் கையை வைத்திருந்தேன். எங்கள் சரிவுக்குக் கீழே பஸ் தரிப்பில் மனைவி நின்றாள். ஒரு கையில் குடை, மறுகையில் துணி மூடிய கூடை. கூடைக்குள் பூனையும் குட்டிகளும்.

அடையாள அட்டைகளை எடுக்க நான் மட்டும் மேலே போனேன். சுவரில் இருந்த தாளை உரித்தேன். அடியில் கிழிந்த தாள் ஒன்று. அதன் அடியில் நான் ஒட்டியது, அதுவும் கிழிந்து. வெடிப்புக்குள் என் பெருவிரல் நுழைந்தது. உள்ளே ஈரமண் குளிர்ந்தது. விரலை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கெலிஓயாவில் கதவைத் திறந்த அக்கா, கூடையைப் பார்த்தார். "பூனையா?" என்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். "சரி, சரி, உள்ள கொண்டு வாங்க. நனையுது."

மகள் கூடையருகே தரையில் உட்கார்ந்தாள். "அந்தப் படத்துல கடைசில என்னாகும்பா?"

முதல் படத்தின் முடிவு எனக்கு மனப்பாடம். இதன் முடிவு தெரியாது என்றேன். அவள் மெதுவாகக் குனிந்து, சிமெந்துத் தரையில் காதை வைத்தாள். மழை விடவில்லை. நானும் அவள் பக்கத்தில் படுத்தேன்.