பிசிறில்லாத வெட்டு

என்னிடம் கோபம் கொஞ்சம் தாராளம். அந்தக் கோடையில் மழைக்கு முன்னால் அடித்த சூறைக்காற்று எங்கள் மாந்தோப்பை முறித்துப் போட்டபோது, முதலில் காற்றைத் திட்டினேன், பிறகு வீட்டுக்காரரைத் திட்டினேன். கெலமங்கலத்துக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் தோப்பு அது. காயோடு முறிந்த கிளைகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. சில பாதி பிளந்து, பட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தன.

"வாரி ஒரு எடத்துல போட்டு கொளுத்திரலாம்மே," என்றார் அவர்.

அதற்கு முந்தைய வருடம் அப்படித்தான் கொளுத்தினார். நெருப்பு சருகைப் பிடித்து ஓடி, காய்க்கிற மரங்கள் இரண்டைக் கருக்கிவிட்டது. அதைச் சொல்லிக் காட்டினேன், ஒரு தடவையோடு விடவில்லை. கிளைகளைத் தூளாக்கி மரத்தடியில் பரப்பினால் ஈரம் நிற்கும் என்று கைபேசியில் பார்த்திருந்தேன். பேரிகையிலிருந்து டிராக்டரோடு கிளை அரைக்கும் மெஷினை வாடகைக்கு வரவழைத்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

நான் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே மாட்ட வழியே கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் இடது பக்கம் சிவப்புப் பொத்தான். ஓங்கித் தட்டினால் எல்லாம் நின்றுவிடும். தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் கிளவுஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இவ்வளவும் தெரிந்திருந்ததுதான் எனக்கு வினையாகிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கொடுவாளைக் கல்லில் தீட்டினார். கட்டைவிரலை வைத்துக் கூர் பார்த்தார். "உன் நாக்கு அளவுக்கு வரல. இருந்தாலும் பரவால்ல," என்று என்னிடம் நீட்டினார். நான் சிரிக்கவில்லை. கம்பெனி நூல் கிளவுஸை எடுத்து அவர் மடியில் எறிந்தேன்.

"இதெல்லாம் எதுக்கும்மே? கை வேர்த்துப் போவுது."

"போட்டுக்கிட்டு கிட்ட வாங்க. இல்லன்னா வராதீங்க."

போட்டுக்கொண்டார்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் பேச்சுக்கு இடமில்லை. நான் கொடுவாளால் பக்கக் கொம்புகளைக் கழித்துக் கொடுக்க, அவர் மெஷின் வாய்க்குள் தள்ளினார். ஒவ்வொரு கிளையும் ஒருமுறை உதறிக்கொண்டு உள்ளே போய்த் தூளாக வந்து விழுந்தது. மாங்காய்கள் உள்ளேயே வெடித்து எங்கள் முகத்தில் தெறித்தன. எனக்கு அது பிடித்திருந்தது. வாரம் முழுக்க சூப்பர்வைசர் முன்னால் விழுங்கிய பேச்சையெல்லாம் அதற்குள் போட்டு அரைக்கிற மாதிரி இருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினேன். அந்த அவசரத்தில் ஒரு கவைக்கிளையைக் கொம்பு கழிக்காமலே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

கவை வாயில் இடித்து நின்றது. அவர் பலமாக அழுத்தினார். கிளை திடீரென்று உள்ளே பாய்ந்தபோது, கட்டைவிரல் பருமனுள்ள கொம்பு ஒன்று கிளவுஸ் நூலில் மாட்டி, வலது கையையும் இழுத்துக்கொண்டு போனது. வெறுங்கையாக இருந்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும்.

என் இடது கை தானாகப் போய் ஓங்கித் தட்டியது. அங்கே சிவப்புப் பொத்தான் இல்லை. வெறும் காற்றைத் தட்டினேன். டிராக்டர்காரர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், என் கத்தல் அவருக்குக் கேட்கவில்லை. கை முழுதும் போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. என் வலது கையில் கொடுவாள் இருந்தது. அந்தக் கொம்பைக் குறி வைத்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரே போடாகப் போட்டேன்.

கொம்பு அறுந்தது. அவர் மல்லாந்து விழுந்தார். கிளை உள்ளே போய்த் தூளாக வெளியே வந்தது. அந்தத் தூள் சிவப்பாக இருந்தது. டிராக்டர்காரர் ஓடிவந்து எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஏனாய்த்தம்மா, ஏனாய்த்து?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. என் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இறுக்கிச் சுற்றினேன்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "மெஷின் இழுத்துக்கிச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

காயத்தைக் கழுவும்போது பார்த்தேன். எட்டு வருடமாக விளிம்பைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். கிழிந்த விளிம்பில் பிசிறு இருக்கும். கூராக வெட்டிய விளிம்பில் இருக்காது. அந்த இரண்டு விரல்களின் அடியிலும் பிசிறே இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு, மிச்சமிருந்த கிளைகளை நடுத்திடலுக்கு இழுத்துப் போட்டு, சுற்றிலும் சருகைக் கூட்டித் தள்ளினோம். நான் தீப்பெட்டியைப் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையால் குச்சியை உரசினார். "அன்னிக்கே கொளுத்தலாம்னு சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவர் சொல்லவே இல்லை. எனக்குத் தாங்க முடியவில்லை.

"வெட்டினது நான்தான். உங்களுக்கும் தெரியும். எதுக்கு ஊரெல்லாம் மெஷின் மெஷின்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்க?"

அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது மொக்கக் கத்திம்மே. கொம்பு அறுந்ததே பெருசு. வெரல எங்க வெட்டப் போவுது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தீட்டிக் கூர் பார்த்தவர் அவர்தான்.