நைனா போட்ட முடிச்சு

நனைந்த பட்டு நூலுக்கு ஒரு வாடை உண்டு. ஈரத் தலையும் ஆறின கஞ்சியும் கலந்தாற்போல இருக்கும். அந்த வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்காருவேன். பேரப்பிள்ளைகளின் பழைய நோட்டில் இரண்டு வரி எழுதுவேன், பக்கத்தைக் கிழித்துவிடுவேன். இப்படியே எத்தனையோ வருஷம் போய்விட்டது. எட்டாவது வரை படித்தவள் நான், ஜோடித்து எழுத வராது. பெருமாள் துணையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பி சேகருக்கு இரண்டு. பட்டுத்தறி நெய்த எங்கள் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். திருவிழாக் கூட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தறியில் நீளவாட்டில் ஓட்டி மிச்சப்பட்ட "பாவு நூலை" எட்டு இழை சேர்த்து நனைத்து முறுக்கி, ஒரு முனையைப் பிள்ளையின் அரைஞாணிலும் மறு முனையை அக்காளோ அண்ணனோ யாராவது ஒருவர் மணிக்கட்டிலும் கட்டிவிடுவார்கள். பிள்ளை இஷ்டத்துக்கு இரண்டடி ஓடலாம், வேடிக்கை பார்க்கலாம், தொலைந்துபோகாது. அழாமல் இருக்கக் கையில் ஒரு பொட்டலம் பொரி.

வைகாசி கருட சேவைக்கு இருட்டு பிரியும்முன் புறப்பட்டோம். நைனா என் வலது கையில் நூலைக் கட்டினார். "இன்னொரு முடிச்சும் போடுங்களேன்" என்றாள் அம்மா.

"நெய்யறவன் போட்ட முடிச்சும்மே இது. அந்தக் கருடனே வந்து இழுத்தாலும் அவுராது" என்று சிரித்தார் நைனா.

ராஜ வீதியில் நின்றோம். அம்மாவும் நைனாவும் எனக்கு முன்னால் நின்றார்கள். சேகர் பொரியை வாயில் திணித்துக்கொண்டு "ஆன எங்க, ஆன எங்க" என்று என் பாவாடையை இழுத்துக்கொண்டிருந்தான். சுவாமியின் குடை தெரிந்தது. "கோவிந்தா" என்ற முழக்கத்தோடு எல்லாருடைய கைகளும் தலைக்கு மேலே போயின. நானும் தூக்கினேன். நூல் குட்டை, தம்பியின் இடுப்பைச் சுண்டியது, வீலென்று கத்தினான். வருஷத்துக்கு ஒரு தரம் தெருவுக்கு வருகிற சுவாமியை ஒற்றைக் கையால் எப்படிக் கும்பிடுவது என்று இருந்தது எனக்கு. முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கி, நூலைக் கழற்றிக் கீழே விட்டேன். இரண்டு கையையும் கூப்பித் தலைக்குமேல் தூக்கினேன். கருடன்மேல் வந்த வரதரை நன்றாகப் பார்த்தேன். மார்பில் இருந்த பச்சைக்கல் பதக்கம்கூட இன்னும் கண்ணில் இருக்கிறது. கையை இறக்கியபோது தம்பி இல்லை.

குனிந்து கால்களுக்கு நடுவே தேடினேன். அம்மா தெருவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நைனா என் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அறுந்துச்சாம்மா?"

"தெரியல நைனா. நழுவிக்கினு பூடுச்சு."

வெயில் உச்சிக்கு வரும்முன் ஒரு நீர்மோர்ப் பந்தலில் அவனைக் கண்டோம். ஐயம்பேட்டையிலிருந்து வந்த பயிர்க்கார அம்மா ஒருத்தி மடியில், மோர் மீசையோடு உட்கார்ந்திருந்தான். அவன் நூல் அவள் கையில் கட்டியிருந்தது.

"நூலை இழுத்துக்கினு தனியா நடந்து வந்துச்சுபா. நான் எடுத்துக் கட்டிக்கினேன். நெசவுக்காரங்கதானே நீங்க? ஒரு முடிச்சு போடத் தெரியாதா?"

"நீ இன்னா முடிச்சும்மா போட்ட?" என்றார் நைனா.

"மாடு கட்டற முடிச்சுதான்!"

பந்தலே சிரித்தது. நைனாவும் சிரித்தார். நூலின் முனையை விரலால் தடவிக்கொண்டே சிரித்தார். அது அறுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நூல் கட்டுவதை அம்மாவிடம் விட்டுவிட்டார். தறியில் ஓர் இழையைப் பிணைத்தால்கூட இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். "இன்னாபா, பாவு நிக்குமா, இல்ல மோர் குடிக்கப் பூடுமா?" என்பார் பக்கத்துத் தறிக்காரர். என் கல்யாணத்தில் தாலி ஏறும்போது, "மாப்ள, முடிச்ச இன்னொரு தரம் இழுத்துப் பாருங்க" என்றார் நைனா. எல்லாரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோது நான்தான் கஞ்சி புகட்டினேன். தினமும் சொல்ல வாயெடுப்பேன், கரண்டியை நீட்டுவேன். ஒரு நாள் காலை கரண்டிக்கு வேலை இருக்கவில்லை.

இப்போது கருட சேவையில் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதின பட்டையை மாட்டிவிடுகிறார்கள். நூல் கட்டுகிறவர்கள் யாருமில்லை. பட்டை இருந்தாலும் பேத்தியின் கையை நான் விடுவதில்லை. குடை வந்தால் எனக்கு ஒரு கைதான் மிச்சம். அதை நெஞ்சில் வைத்துக்கொள்வேன். சேகருக்கும் பேரன் பிறந்துவிட்டான். "எங்க நைனா கட்டினது நழுவி, நான் மோர் குடிக்கப் போனேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

இதைப் படிப்பவர்கள் அவனிடமோ வேறு யாரிடமோ சொல்ல நேர்ந்தால், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: நைனா போட்ட முடிச்சு நழுவவில்லை. மகள் அவிழ்த்தாள்.