டீச்சரின் மேற்படிப்பும் என் பேரமும்

பேரம் பேசிப் பிழைக்கிறவனுக்கு வாய்தான் முதல். எனக்கு அதோடு கோபமும் சேர்ந்தே வந்துவிட்டது. கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் காஜா பெராங் என்ற ஊரில் கடை போட்டு மரவள்ளிக்கிழங்கு விற்றேன்.

மூன்று படிப்பு

மரியம்மா டீச்சர் என் வாடிக்கைக்காரி. மதராஸில் பட்டம் வாங்கியவர். சண்டை முடிந்து கப்பல் ஓடினால் திரும்பப் போய்க் கல்வியிலேயே மேற்படிப்பு படிப்பாராம். பல்கலைக்கழகத்தில் அதற்கு என்னென்ன உண்டு என்றேன். பிள்ளைகளின் மனம், பாடம் நடத்தும் முறை, பள்ளி நிர்வாகம். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்றையும் மொத்தமாக எடுத்தால் விலையைக் குறைக்க மாட்டானா, அவன் என்ன வியாபாரி என்றேன்.

"குறைப்பாங்க அண்ணே, என் ஆயுசை."

ஆள் தேடல்

மேற்படிப்புக்கு ஆசிரியர் வேலையில் விடாமல் இருந்திருக்க வேண்டுமாம். அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. ஆசிரியர்கள் ஜப்பான் அதிகாரி முன்னால் பெரியவர்களுக்கு ஜப்பான் மொழி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்; தேறாத ஆசிரியர்களைப் பள்ளியிலிருந்து நீக்குவார்கள். மாணவனாக உட்கார ஒரு பெரிய ஆளையும் அவரவரே கூட்டி வர வேண்டும். டீச்சர் என்னை வரச் சொல்லிக் கேட்டார். கடையை யார் பார்ப்பது என்று சீறினேன். பக்கத்து எண்ணெய்க் கடைக்காரர், மலாயே தாய்மொழியாகிப்போன செட்டிமார் குடியிருக்கும் கம்போங் செட்டி ஆள், தன் மலாயில் சொன்னார்:

"போ லா. கிழங்குக்குக் கால் இல்லை, உன் வாய்க்குத்தான் இருக்கு."

தேர்வு

பாடம், கடையில் வாங்குவது. டீச்சர் வாங்குகிறவராக ஜப்பான் மொழியில் விலை கேட்பார், நான் சொல்வேன். 'தக்காய்', அதாவது விலை அதிகம் என்பார். நான் உடனே இறக்க வேண்டும். ஒரு வாரம் டீச்சர் பழக்கினார். தேர்வு அன்றைக்கோ ஜப்பான் அதிகாரியே எழுந்து வந்து, நான் கடையிலிருந்து கொண்டுபோன கிழங்கைக் கையிலெடுத்து விலை கேட்டார். சொன்னேன். "தக்காய்" என்றார்.

காலையில் பிடுங்கிய கிழங்கு! எனக்குப் பாடம் மறந்துபோய் ரத்தம் ஏறியது. தக்காய் இல்லை, நல்லது, இன்றைக்குப் பிடுங்கியது, வேண்டாமென்றால் வை என்று தெரிந்த ஜப்பான் சொற்களையெல்லாம் கொட்டினேன். டீச்சருக்கு வேலை போச்சு, எனக்குக் கன்னம் பழுக்கும் என்று நின்றேன். அதிகாரி கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டீச்சர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"மத்தவங்க ஆளுங்க ஒப்பிச்சாங்க, இவன் பேசுறான். நீங்க தேறிட்டீங்க."

டீச்சர் வேலையில் நிலைத்தார், கப்பல் ஓடியதும் படிக்கவும் போனார். நான் விலை இறக்காமல் முரண்டு பிடித்ததில் லாபம் கண்ட ஒரே வாடிக்கைக்காரி அவர்தான்.