முன்னுரைக்குக் கிடைத்த பேட்மிண்டன்

வகுப்பில் அவனுக்கு ‘முன்னுரை’ என்று பெயர். மணி என்ன என்று கேட்டால்கூடத் தன் கடிகாரம் கடைசியாக எப்போது நின்றது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பான். இயந்திரவியல், கடைசி வருஷம். கையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். கல்லூரி நூலகத்தில் தடித்தடியான பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் கதைப் புத்தகங்களுக்கென்று ஒரே ஒரு அலமாரி உண்டு. அதைத் திறக்கிற ஒரே பிரகிருதி இவன்தான்.

வாசிப்பது பெரிய விஷயமில்லை. வாசித்ததை யாரிடம் சொல்வது? “இப்ப என்ன வாசிக்கிறே?” என்று யாராவது ஒருத்தர், சும்மா ஒரு பேச்சுக்காவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தான். வீட்டில் அதற்கு ஆளில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊரார் கட்டடங்களில் ஏறி இறங்கிவிட்டு வந்து, “எழுதறது வாசிக்கிறதெல்லாம் நல்லதுதான்டா. முதல்ல உக்கார ஒரு நாற்காலியப் புடி” என்பார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

எழுதவும் செய்தான். பாதியில் நின்ற கதைகள் கைபேசி நிறைய இருந்தன. ஆனால் வாசகர் கிடைத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கியபோது கூடவே வந்த கையேட்டை அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, “இதப் புரிஞ்சிக்கிறதுக்குள்ள நான் கையாலயே துவைச்சிடுவேன்” என்று தூக்கிப் போட்டாள். இவன் அதைத் தன் பாஷையில் ஒரு தாளில் எழுதி மெஷின் மேல் ஒட்டினான். ‘மூடி சரியாக விழவில்லை என்றால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். பயப்படாதே, ஒரு தட்டுத் தட்டு.’ அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதாதா? பம்பு செய்கிற பெரிய கம்பெனி ஒன்றில் கையேடு எழுதுவதற்கென்றே ஒரு பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. அங்கே ஒரு மூலையில் ஒரு மேசை கிடைத்தால் ஜென்மம் சாபல்யம்.

அந்தக் கம்பெனியே கல்லூரிக்கு ஆள் எடுக்க வருவதாக அறிவிப்பு வந்தது.

நேர்காணலுக்குத் தயார் செய்ய ஒரு பயிற்சி சாரைப் பிடித்து வந்திருந்தார்கள். அவர் ஒத்திகை நடத்தினார். “உன் பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்டதுதான் தாமதம், முன்னுரை மடை திறந்துவிட்டான். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற பூட்டுக்காரி ஒருத்தி, தன் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலிலேயே நிற்கிற நாவல் அது. அவள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் சார் கையை உயர்த்தினார்.

“தம்பி, அவங்க ஆள் எடுக்க வர்றாங்க, கதை கேக்க வரல. ஆள் ஒல்லியா, உயரமா இருக்கே. பேட்மிண்டன்னு போட்டுக்கோ.”

மனுஷன் உடம்பைப் பார்த்தே பொழுதுபோக்கைப் பங்கு வைத்தார். முன்னுரையின் உயிர்த் தோழன் தடியன். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உனக்கு விளையாட்டுன்னா எவனும் நம்பமாட்டான். புத்தகம் வாசிக்கிறதுன்னு போடு” என்றார். தடியன் பஸ் போர்டைத் தவிர வேறெதையும் முழுசாக வாசித்ததில்லை. “பயோடேட்டால ஒண்ணு, வாயில ஒண்ணு வந்துச்சு, வேலை காலி. ஞாபகம் வச்சுக்கோங்க” என்று சார் எல்லாரையும் மிரட்டிவிட்டுப் போனார்.

“டேய், காப்பாத்துடா” என்று தடியன் வந்து நின்றான். முன்னுரை அவனைக் கேன்டீன் மூலையில் உட்கார வைத்துப் பூட்டுக்காரியின் கதையை ஆசை தீரச் சொன்னான். அவள் ஏன் பக்கத்து வீட்டில் உதவி கேட்கவில்லை, தான் எந்த இடத்தில் மேலே வாசிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தான், எல்லாவற்றையும் சொன்னான். தடியனும் மண்டையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்தான்.

நேர்காணல் அன்று தடியன்தான் முதலில் உள்ளே போனான். வெளியே பெஞ்சில் இருந்த முன்னுரைக்கு ஒரு பெண் சிரிப்பது கேட்டது. அப்புறம் நெடுநேரம் பேச்சுச் சத்தம். தடியன் வெளியே வரும்போது கையில் ஒரு புத்தகம் இருந்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் இவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கையேட்டுப் பிரிவின் தலைவியே வந்திருந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். ஆனால் கண்ணில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது. “உங்க ஃப்ரெண்டு அந்தப் பூட்டுக்காரியப் பத்தி என்னமா பேசறார்! அந்த நாவல வாசிச்ச இன்னொரு ஆளை நான் பார்த்ததே இல்லப்பா” என்றார். பயோடேட்டாவைப் பார்த்தார். “நீங்க பேட்மிண்டன். வாசிக்கிற பழக்கம் உண்டா?”

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! வாய் வரை வந்துவிட்டது. பயிற்சி சாரின் மிரட்டலும் அப்பாவின் நாற்காலியும் குறுக்கே வந்து நின்றன.

“இல்ல மேடம். பேட்மிண்டன்தான்.”

“பரவால்ல” என்று அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடப்பாவி! முன்னுரை சொல்லியே பேர் வாங்கியவன், தேவைப்பட்ட இடத்தில் ஒற்றை வரியில் முடித்துவிட்டான்.

சாயங்காலம் வராந்தாவில் முடிவைச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் வேலை. முன்னுரை பம்பு சோதனைப் பிரிவுக்கு, தடியன் கையேட்டுப் பிரிவுக்கு. பயிற்சி சார் மீசையை முறுக்கிக்கொண்டார். முன்னுரை படியிறங்கி ஓடினான். அந்த அம்மாள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“மேடம், எனக்குப் புத்தகம்னா உயிர். அந்தப் பூட்டுக்காரி கதைய அவனுக்குச் சொன்னதே நான்தான்.”

ஏறப்போனவர் நின்று திரும்பினார். பிறகு, குழந்தையிடம் சொல்வது போல, “கூட்டாளிக்குக் கிடைச்ச இடம் நமக்குக் கிடைக்கலியேன்னு இருக்கும், புரியுது. அதுக்காக இப்படிச் சொல்லக் கூடாதுப்பா. நல்ல ஃப்ரெண்டு வாய்ச்சிருக்கார். அவரப் பார்த்து நீங்களும் வாசிக்க ஆரம்பிங்க” என்றார். கார் போய்விட்டது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே தடியன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அந்தப் புத்தகத்தை இவன் கையில் திணித்தான்.

“இந்தா, அந்த மேடம் எனக்குக் குடுத்த புத்தகம். நியாயமா இது உன்னுது. டேய், நான் போய் என்னத்தடா எழுதுவேன்? முதல் வாரமே ஒரு புதுப் பம்புக்கு எழுதித் தரணுமாம். வீட்ல சொல்லிட்டேன், அம்மா சந்தோஷத்துல அழுதுட்டாங்க. இப்ப வேணாம்னு சொல்ல முடியாதுடா. நீ எழுதிக் குடுடா. என் பேர்லதான் போகும்... தப்பா நினைச்சுக்காத.”

வேறொருத்தனாக இருந்தால் அந்த இடத்திலேயே சட்டையைப் பிடித்திருப்பான். இவனுக்கும் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே இந்த வெட்கங்கெட்ட மனசு அந்தப் பம்பின் மூடியைத் திறந்து பார்க்கப் போய்விட்டது.

“என்ன பம்புடா அது?” என்றான் முன்னுரை. “யாரு வாங்குவாங்க? வீட்டுக்கா, தோட்டத்துக்கா?”