அரை மணி நேரத் தொலைவு

வெள்ளிக்கிழமைத் தொலைபேசியில் முதலில் கேட்பது காற்றுதான். அதன் இரைச்சலுக்குப் பின்னால் இருந்து வாப்பாவின் குரல் வரும். மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் விமான நிலையத்தில் அவர் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். உம்மா அதே நாட்டில் வேறொரு தீவில் நர்ஸ். அங்கும் அப்படியொரு குட்டி விமான நிலையம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உம்மாவின் முறை. நான் புனேயில், கோந்த்வாவில், உம்மாவின் அக்காவான பெரியும்மா வீட்டில் வளர்ந்தேன்.

விடுமுறைக்கு எங்கள் வீட்டில் "சுட்டி" என்ற இந்திச் சொல்தான். இருவருக்கும் வருடத்துக்கு ஒரு மாதம் சுட்டி. வாப்பா மழைக்கு முன்னால் வருவார், உம்மா கணபதி விழா முடிந்த பிறகு வருவார், சேர்ந்து வந்ததே இல்லை. அவர்களுக்குள் சண்டை என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கையில், தெருமுனை "சைபர் கஃபே"யில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களையும் தட்டியபோது, ஒரு இணையப் பக்கம் தொலைவையும் பறக்கும் நேரத்தையும் காட்டியது: அரை மணி. எங்கள் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில், அதே ஊரிலுள்ள ஹடப்சர் போகிற நேரம். அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டேன்.

"அரை மணி நேரந்தானே வாப்பா, உம்மாவப் போய்ப் பாத்தா என்ன?"

"நேர் ஃபிளைட் கிடையாதும்மா" என்றார்.

அது உண்மைதான். அந்த மாதிரிப் பக்கங்கள் விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை, வரைபடத்தில் நேர்கோடு போட்டுக் கணக்குச் சொல்லிவிடுகின்றன. நான் நம்பாமல் அழுதேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியும்மா தலை நிமிராமல் சொன்னார்:

"சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா சுட்டி போட்டா ஒனக்கு வருசத்துல ஒரு மாசந்தான் புள்ள. தனித்தனியா வந்தா ரெண்டு மாசம். அதான் ஒருத்தர ஒருத்தர் பாக்காமக் கெடக்குறாக."

நான் கல்லூரி முடிக்கும்வரை அப்படியே போனது. பிறகு இருவரும் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்கள். முதல் நாள் காலையில் உம்மா வாப்பாவின் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார். அவர் சர்க்கரையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியாது. வாப்பா அதைக் குடித்து முடித்தார்.

நான்கு வருடம் சேர்ந்து இருந்தார்கள். வாப்பா இப்போது இல்லை, வெள்ளிக்கிழமை அழைப்பும் இல்லை. சைபர் கஃபே இருந்த இடத்தில் கேக் கடை வந்துவிட்டது. நான் ஹடப்சரில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன், உம்மா கோந்த்வாவில். ஸ்கூட்டரில் அரை மணி என்கிறது கைபேசி. ஞாயிற்றுக்கிழமை இன்னும் உம்மாவின் முறைதான். இந்த வாரமும் அழைத்து, வருகிறாயா என்று கேட்டார்.

"ரொம்ப டிராஃபிக் உம்மா" என்றேன்.

"சரிம்மா. சுட்டி கெடைக்கும்போது வா."