வாழ்த்தின் நடுவே ஒரு குறட்டை

குதிரை வியாபாரி நான், பெயர் ஷார்ஷென். அட்-பாஷிச் சந்தையில் ஒரு குதிரையின் விலாவில் காதை வைத்தேன் என்றால், அதன் மூச்சில் கோளாறு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட காது என் குறட்டையை மட்டும் ஆம்பிளைத்தனம் என்று எடுத்துக்கொண்டது. பூட்ஸ் காலில் ஏறாமல் போனபோது, தோல் மட்டம் என்று தைத்தவனோடு சண்டைக்குப் போனேன். வீங்கியிருந்தது என் கால். பட்டப்பகலில் சேணத்திலேயே தூங்கிவிடுவேன். வழியைக் குதிரை பார்த்துக்கொள்ளும்.

என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது தம்பி மகன் கல்யாண விருந்தில். சாப்பிட்டு முடிந்ததும் இருப்பவர்களில் மூத்தவன் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்த வேண்டும். அவன் ‘ஓமின்’ என்று சொல்லி முகத்தைத் தடவும்வரை யாரும் விரித்த கையை இறக்கக் கூடாது. மூத்தவன் நான். “பிள்ளைங்க பெருகட்டும், மந்தை பெருகட்டும்” வரைக்கும் வந்தேன். அதோடு தூங்கிப்போனேன். கூடாரமே ஏந்திய கையோடு என் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு குறட்டையும் நின்றது. மௌனமாக வேண்டுகிறார் என்று எல்லோரும் பயபக்தியோடு தலை குனிந்தார்களாம், புண்ணியவான்கள்.

என் மகனின் மனைவி ஜிப்பார் மட்டும் குனியவில்லை. நரின் நகரத்தில் இதய ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். மாமனார் பெயரைக்கூட வாயால் சொல்லாத வழக்கம் எங்களுடையது; அவளோ அத்தனை பேர் முன்னால் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“மாமா, மூச்சு விடுங்க.”

திணறி எழுந்து, “ஓமின்” என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். சோதனைகளெல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார்: “தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது. நிக்கறப்பெல்லாம் இதயம் பதறிப்போய் அடிச்சுக்குது. வருஷக்கணக்கா அப்படி அடிச்சு ஓஞ்சுபோச்சு, ரத்தத்தைத் தள்ள வலுவில்ல. மாத்திரை மட்டும் போதாது, படுக்கறப்போ காத்தடிக்கிற முகமூடியும் போடணும். இல்லேன்னா வர்ற குளிர்காலத்தைத் தாண்டறது கஷ்டம்.”

“குதிரைக்குத் தீனிப்பை மாட்டற மாதிரியா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“இத்தனை நாளா உங்களை யார் எழுப்பிவிட்டது?” என்று கேட்டார் டாக்டர்.

கூட வந்திருந்த என் மனைவி புருல்கான் முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். “இதுதான் டாக்டர். மூச்சு நின்னா ஒரு இடி. நான் முழுசாத் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு.” என் பக்கம் திரும்பினாள். “ஏ கிழவா, ஒன் காது சந்தையோட சரி.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

முகமூடி போட்டுப் படுத்த முதல் நாள், கண் விழித்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. தலை அவ்வளவு லேசாக இருந்தது. ஆனால் புருல்கான் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பிறகு அவள் எழுந்த நாளே கிடையாது. அசைவும் இல்லை. ஓய்ந்துபோன என் இதயம் எகிறிக் குதித்தது. முகமூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் விலாவில் காதை வைத்தேன்.

மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. காதை எடுக்க மனம் வரவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “என்ன, விலை பேசப்போறியா?”

“இல்ல,” என்றேன். “நீ இன்னும் கொஞ்சம் தூங்கு.”